நம் வீட்டு நாய்க்கு இன்னும் இரண்டு ஆண்டுகள்



2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலையும் ஆராதனையும் கணினித் திரைக்குள் சுருங்கிப் போயிருந்தன. அந்த நாட்களில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் நம்மவர் வீடுகள் சிலவற்றுக்கு நாய்க்குட்டிகள் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் கேட்டார்கள், அடம்பிடித்தார்கள். "நாங்களே சாப்பாடு வைப்போம், நாங்களே நடக்கக் கூட்டிக்கொண்டு போவோம்" என்று அம்மா அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தார்கள். இன்று அந்தக் குட்டிகள் நடுவயதுக்கு வந்துவிட்டன. வாக்குக் கொடுத்த பிள்ளைகளோ வாட்டர்லூவுக்கும் ஒட்டாவாவுக்கும் படிக்கப் போகிறார்கள். வீட்டில் நாயும் அம்மம்மாவும் மிஞ்சுகிறார்கள்.

ஆகவேதான் இந்தக் கட்டுரை. ஒரு நாயின் கடைசி ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பது அதன் நடுவயதில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. அந்த நடுவயதில்தான் பெரும்பாலான வீடுகளில் பொறுப்புக் கைமாறுகிறது.

ஊரில் நாய் முற்றத்தில் கிடந்தது. மிஞ்சிய சோற்றைத் தின்றது, படலையைக் காத்தது. நோய் வந்தால் ஒரு மூலையில் சுருண்டு படுத்தது. அதன் ஆயுளை நாம் கணக்கிட்டதில்லை. இங்கே நாய் வீட்டுக்குள் வாழ்கிறது. கதவைத் திறந்து வெளியே போகவோ, தனக்கு வேண்டியதைத் தேடித் தின்னவோ அதற்கு வழியில்லை. எதைத் தின்பது, எவ்வளவு நடப்பது, எப்போது வைத்தியரிடம் போவது என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கிறோம். வேதாகம மொழியில் சொன்னால் இது உக்கிராணத்துவம். நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக் கருத்தில் கொள்கிறவன் என்று நீதிமொழிகள் 12:10 காட்டுகிறது. தன் மந்தையின் நிலை என்ன என்பதை மேய்ப்பன் கவனித்து அறிந்திருக்க வேண்டும் என்று 27:23 சொல்கிறது. நாயின் ஆயுளைக் கூட்டுவதும் இதே கவனித்து அறிதல்தான்.

ஏழால் பெருக்குவது சரியா?

நாயின் ஒரு வயது மனிதனின் ஏழு வயது என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது சரியான கணக்கு அல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், சுமார் நூறு லாப்ரடோர் நாய்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் இரசாயன மாற்றங்களை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு 2020இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது லாப்ரடோர், சுமார் 31 வயது மனிதனுக்கு ஒப்பானது. ஐந்து வயதில் அது சுமார் 57. பிறகு வேகம் குறைகிறது. 12 வயதில் சுமார் 70.

எல்லா இனங்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிறிய இன நாய்கள் பொதுவாகப் பெரியவற்றைவிட நீண்ட காலம் வாழ்கின்றன. ஆனாலும் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. "இன்னும் குட்டிதானே" என்று நாம் நினைக்கும் ஐந்து வயது நாய் அம்மா அப்பாவின் வயதை எட்டியிருக்கலாம். அந்த வயதில் நம் வைத்தியர்கள் பெற்றோருக்கு என்ன சொல்கிறார்கள்? நிறையைக் குறை, நட, பல்லைக் கவனி, ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வா. நாய்க்கும் அதேதான்.

இரண்டு ஆண்டுகள் எங்கிருந்து வந்தன?

இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள இரண்டு ஆண்டுகள் ஒரு நீண்ட ஆய்வின் முடிவு. 48 லாப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்தார்கள். உணவு ஒன்றே, அளவு மட்டுமே வேறு. நாய்களின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த அந்த ஆய்வு 2002இல் வெளியானது. கூடுதலாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள். அளவாகத் தின்றவற்றினுடையது 13 ஆண்டுகள். அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு வித்தியாசம். ஒல்லியாக இருந்த நாய்களுக்கு மூட்டு வாதமும் பிந்தியே வந்தது.

விலை உயர்ந்த மருந்தோ சத்திரசிகிச்சையோ இல்லாமல் வெறும் அளவினால் கிடைத்த பலன் இது.

நாய் சரியான நிறையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. உங்கள் கையை நீட்டி வைத்து, மற்றக் கை விரல்களால் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு மெல்லிய தோலுக்கடியில் தெரிகிறது அல்லவா? நாயின் விலா எலும்புகள் அப்படித் தட்டுப்பட்டால் நல்லது. உள்ளங்கையின் சதைப்பகுதியைத் தடவுவது போல இருந்தால் நாய் கொழுத்துவிட்டது. முட்டியைப் பொத்திப் பிடித்து அதன் மொளிகளைத் தடவுவது போல இருந்தால் மெலிந்துவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்புறமாக மேலேறியிருக்க வேண்டும்.

வாட்டிலே நாம் படித்தது

தாதியராகிய நாங்கள் வாட்டில் ஒரு மாத்திரை கொடுத்தவுடன் அதைப் பதிவுசெய்கிறோம். ஏன்? அடுத்த ஷிஃப்டில் வருகிறவர், கொடுக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கொடுத்துவிடக்கூடாது. நம் வீடுகளில் நாய்க்கு நடப்பது அதுதான்.

ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் அம்மா வேலைக்குப் போகுமுன் கிண்ணத்தில் சாப்பாடு வைக்கிறார். அது தெரியாமல் அண்ணா எழும்பி இன்னொரு தடவை வைக்கிறார். பத்து மணிக்கு அம்மம்மா தன் தேங்காய் ரொட்டியில் பாதியைக் கிள்ளிப் போடுகிறார். வேலையால் வரும் அப்பா, டிம்பிட் ஒன்றைக் கொடுத்து அன்பு காட்டுகிறார். இரவு சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கடியில் ஐந்து கைகள் நீளுகின்றன. "நாய்க்கு இவ்வளவா கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நான் ஒரு துண்டுதான் கொடுத்தேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை.

பத்துக் கிலோ நிறையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 600 கலோரிக்கு மேல் தேவைப்படாது. ஒரு தேங்காய் ரொட்டியே அதில் பெரிய பங்கை எடுத்துவிடும். இடையில் கொடுக்கும் தின்பண்டங்கள் அன்றாட கலோரியில் பத்திலொரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மிருக வைத்தியர்களின் பொதுவான ஆலோசனை.

ஆகவே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். காலை, மாலை என்று இரண்டு கட்டங்கள் போதும். சாப்பாடு வைத்தவர் உடனே குறி போட வேண்டும். உணவைக் கோப்பையால் அள்ளாமல் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுங்கள். அம்மம்மாவின் கையைத் தடுக்க வேண்டாம். நாயின் அன்றைய உணவிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்துச் சிறு டப்பாவில் போட்டு அவரிடம் கொடுங்கள். கொடுக்கும் சந்தோஷம் அவருக்கு இருக்கட்டும், அளவும் கூடாது.

நம் சமையலறையில் உள்ள ஆபத்துகள்

ஆங்கிலக் கையேடுகள் நம் சட்டியைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. ஆகவே இதைக் கவனமாக வாசியுங்கள்.

வெங்காயம், உள்ளி, லீக்ஸ் ஆகியவை நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். சமைத்தாலும், பொடியாக்கினாலும் அந்த நச்சுத்தன்மை போகாது. நம் கறிகளில் எதில்தான் வெங்காயமும் உள்ளியும் இல்லை? இறைச்சித் துண்டைக் கழுவிக் கொடுத்தாலும் குழம்பு அதில் ஊறியிருக்கும்.

திராட்சையும், நாம் பாயாசத்திலும் கிறிஸ்மஸ் கேக்கிலும் போடும் பிளம்ஸும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் மிருக வைத்தியர்கள் சிலர் எடுத்துக்காட்டினார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. ஆகவே புளிக்கரைசல் சேர்ந்த எதையும் கொடுக்க வேண்டாம்.

ஈஸ்டர் காலத்துச் சொக்கிலேட் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். நிறம் கறுக்கக் கறுக்க ஆபத்துக் கூடும். சீனி இல்லாத சூயிங்கம்மில் சேர்க்கப்படும் சைலிற்றோல், குருதியில் சீனியைச் சட்டென்று இறக்கி ஈரலையும் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் குத்தலாம். ஆட்டிறைச்சிக் கொழுப்பு கணைய அழற்சியைக் கொண்டுவரலாம்.

மருந்துகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். நாய் நொண்டினால் வீட்டிலுள்ள அட்விலையோ டைலினோலையோ கொடுக்காதீர்கள். முதலாவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். இரண்டாவது ஈரலையும் குருதியையும் கெடுக்கும். தாத்தாவின் மாத்திரைகள் கீழே விழுந்தால் தேடி எடுத்தே ஆக வேண்டும். கனடாவில் 2018இலிருந்து கஞ்சா சட்டபூர்வமானது. பூங்காவிலும் நடைபாதையிலும் வீசப்பட்ட மிச்சங்களை நாய்கள் தின்றுவிடுவதுண்டு. நடக்கும்போது தொலைபேசியைப் பார்க்காமல் நாயின் வாயைப் பாருங்கள்.

ஏதாவது தின்றுவிட்டால், வைத்தியர் சொல்லாமல் வீட்டில் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்பதைக் குறித்துக்கொண்டு உடனே அழையுங்கள். அறிகுறி வரும்வரை காத்திருப்பது தவறு.

கொடுக்கக்கூடியவையும் நம் வீட்டில் உண்டு. உப்பும் தூளும் போடுமுன் எடுத்து வைத்த அவித்த கோழி, கரட், போஞ்சி, பூசணி இவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம்.

பல்லும் தடுப்பூசியும்

மூன்று வயதாகும்போதே பெரும்பாலான நாய்களுக்கு முரசு நோய் ஏதோ ஒரு அளவில் தொடங்கிவிடுகிறது. வாய் நாற்றம் "நாய் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடக்கூடியது அல்ல. நோவு இருந்தாலும் நாய் தொடர்ந்து தின்னும். அதனால் நமக்குத் தெரிவதில்லை. நாய்களுக்கென்றே விற்கும் பற்பசையை மென்மையான தூரிகையில் எடுத்து, முடிந்தால் தினமும் தேயுங்கள். நம் பற்பசை அதற்கு ஆகாது. துப்பத் தெரியாத நாய் அதை விழுங்கிவிடும். முதல் வாரம் பற்பசையை நக்க மட்டும் விடுங்கள். பிறகு விரலால், அதன் பிறகு தூரிகையால் என்று மெதுவாகப் பழக்கலாம்.

ஒன்ராறியோவில் மூன்று மாதமும் அதற்கு மேலும் வயதுள்ள நாய்களுக்கு விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். பார்வோ, டிஸ்ரெம்பர் ஆகிய கொடிய வைரசுகளுக்கும் தடுப்பூசி உண்டு. எலிகளும் ரக்கூன்களும் கழிக்கும் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதருக்கும் தொற்றக்கூடியது. ரக்கூன் உலாவாத பின்முற்றம் றொறன்ரோவில் ஏது? அந்தத் தடுப்பூசி உங்கள் நாய்க்குத் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கோடையில் நுளம்புகள் இதயப்புழுவைக் கடத்துகின்றன. வந்தபின் சிகிச்சை கடினம், மாதாந்தத் தடுப்பு மருந்து இலகு. ரூஜ் பூங்காவின் புல்லிலும் இலைச் சருகிலும் லைம் நோயைக் கடத்தும் கறுங்கால் உண்ணிகள் உண்டு. குளிர்காலத்திலும் 4 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் இருந்தால் அவை நடமாடும். வாலிபர் ஒன்றுகூடலுக்கு அங்கே போய் வந்தால், நாயின் காது, கக்கம், விரலிடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். உங்கள் கால்களையும் பாருங்கள்.

நடை தினமும் வேண்டும், ஜனவரியிலும்கூட. வீதியில் போடும் உப்பு பாதத்தைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. வந்தவுடன் இளஞ்சூட்டு நீரில் பாதங்களைக் கழுவித் துடையுங்கள். ஜூலையில் உங்கள் புறங்கையைத் தார்த்தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு வினாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

பேசாத நோயாளி

பேச முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும்போது நாங்கள் முகத்தையும் மூச்சையும் பார்த்து அறிகிறோம். நாயையும் அப்படித்தான் அறிய வேண்டும். அது நல்ல சுகத்தோடு தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பொதுவாக அது நிமிடத்துக்கு 30க்குக் குறைவாக இருக்கும். சுகமாக இருக்கும்போது எண்ணி வைத்தால்தான், பின்னொரு நாள் கூடியதா என்று தெரியும். மாதம் ஒருமுறை நிறையை எழுதுங்கள். குளிப்பாட்டும்போது கட்டிகள் ஏதும் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள்.

திடீரென்று தண்ணீர் கூடுதலாகக் குடிப்பது, காரணமின்றி மெலிவது, படியேறத் தயங்குவது ஆகியவற்றை "வயசாகுது" என்று தள்ளிவிட வேண்டாம். சிலவற்றுக்கு மருந்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நாய் தவித்தால் அது உயிராபத்து. அந்த நிமிடமே ஓட வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதுவும் அவசரம்.

ஓஹிப் நாய்க்குக் கிடையாது. அவசர சத்திரசிகிச்சை ஒன்றின் செலவு ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகலாம். நள்ளிரவில் வைத்தியசாலை வாசலில் நின்று பணத்துக்கும் உயிருக்கும் நடுவே தீர்மானிக்க நேரிடுவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய வேதனை. காப்புறுதியா, மாதம் ஒரு சிறு தொகை சேர்ப்பதா என்று இப்போதே வீட்டில் பேசுங்கள். வேலை செய்யும் பிள்ளைகள் அந்தத் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கவனித்தாலும் ஒரு முடிவு வரும். ஆயுளை நீட்டுவதும் வேதனையை நீட்டுவதும் ஒன்றல்ல. நாய் விரும்பித் தின்கிறதா, எழுந்து நிற்கிறதா, நம்மைக் கண்டால் வாலை ஆட்டுகிறதா, நல்ல நாட்கள் கூடவா, கெட்ட நாட்கள் கூடவா என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள். கெட்ட நாட்கள் மிஞ்சும்போது, நோவின்றிக் கண்மூட விடுவது பற்றி வைத்தியரோடும் வீட்டாரோடும் ஜெபத்தோடு பேசலாம். அந்த நாளில் அழுகிற தம்பியைப் பார்த்து "நாய்தானே" என்று சொல்ல வேண்டாம். தாவீது ராஜாவின் மனச்சாட்சியைத் தொட நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதை, ஒரு ஏழை தன் பிள்ளையைப் போல மடியில் வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றியதுதான். அந்த அன்பை அவர் பரிகசிக்கவில்லை.

போகுமுன் ஒரு தாள்

ஷிஃப்ட் முடிந்ததும் தாதி சும்மா வீட்டுக்குப் போய்விடுவதில்லை. அடுத்து வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் கிளம்புவார். செப்டெம்பரில் வீட்டை விட்டுப் போகும் வாலிபர்களும் அப்படி ஒப்படைத்துவிட்டே போக வேண்டும்.

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: நாயின் இன்றைய நிறை, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் உணவு, நடக்கப் போகும் நேரங்கள், தூங்கும்போது மூச்சின் எண்ணிக்கை, அடுத்த தடுப்பூசித் திகதி, மாதாந்த மருந்து கொடுக்கும் நாள், கொடுக்கக்கூடாத உணவுகள், வழக்கமான வைத்தியரின் இலக்கம், இரவிலும் திறந்திருக்கும் கிட்டிய மிருக வைத்தியசாலையின் இலக்கம். அம்மம்மா வாசிக்கிற தாள் என்பதால் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். மாதக் கடைசி ஞாயிறு வீட்டுக்கு அழைத்துப் பேசும்போது, "நாய் எப்படி?" என்று மட்டும் கேட்காமல், "இந்த மாதம் எத்தனை கிலோ?" என்று கேளுங்கள்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு போனதும் முதலில் விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். அதன் பிறகு தாளை எடுங்கள்.